டார்ச் சாகவில்லை, உள்ளே இருக்கும் பேட்டரிதான்

எங்கள் வயல் தரங்கம்பாடிக்கு மேற்கே, காவிரியின் கடைமடையில் இருக்கிறது. கடைமடைக்காரனுக்குத் தண்ணீர் பகலில் வருமா ராத்திரியில் வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. மேலே உள்ள ஊர்கள் பாய்ச்சி முடித்து, முறை நம்ம வாய்க்காலுக்கு வரும்போது மணி இரண்டு ஆகியிருக்கும். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் டார்ச். மடை திறக்கப் போய்த்தான் ஆகணும்.

ரசாயனம் போடாத வரப்பில் தவளை அதிகம், எலி வளையும் உண்டு. அதைத் தேடிப் பாம்பும் வரும். கூட்டங்களில் இதைப் பெருமையாகத்தான் சொல்கிறோம். ஆனால் ராத்திரி ரெண்டு மணிக்கு வரப்பில் கண்ணாடி விரியன் சுருண்டு கிடந்தால் பெருமையா உதவும்? வெளிச்சம்தான் உதவும். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் செத்திருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. பெரும்பாலும் கிராமத்துச் சாவுகள். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில்தான், மருத்துவமனைகள் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்கவேண்டியவற்றின் பட்டியலில் பாம்புக்கடியைச் சேர்த்தது. அதனால் டார்ச் பேட்டரி பற்றி இந்த இதழில் எழுதுவதற்கு நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

போன குறுவையில் நடந்தது இது. முதல் நாள் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்ட டார்ச், வரப்பில் பாதி தூரம் போனதும் மஞ்சளாகி அணைந்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் திரும்பி வந்தேன். மறுநாள் வாங்கின கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், "இதுக்கெல்லாம் பேட்டரி மாத்த முடியாதுங்க, புதுசு எடுத்துக்குங்க" என்றார்கள். ஏற்கனவே இரண்டு அப்படி எடுத்தாச்சு, பழசு ரெண்டும் பரணில் கிடக்கிறது. கோபத்தில் அதையும் சேர்த்து மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு பொறையாறு போனேன். அங்கே ரேடியோ காலத்திலிருந்து ரிப்பேர் கடை வைத்திருக்கிற பாய் ஒருத்தர் இருக்கிறார். திருப்புளியால் நாலு ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, மூணு டார்ச்சும் உயிரோடதான் இருக்கு. பேட்டரிதான் போயிருக்கு. இதையா தூக்கிப் போடச் சொன்னாங்க?" என்றார். மூன்று நாள் சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நம்ம ஊரில் விற்கிற, பின்பக்கம் பிளக் முள் உள்ள விலை குறைந்த டார்ச்சுகள் பலவற்றில் இருப்பது 4 வோல்ட் ஈய-அமில பேட்டரி. லாரி பேட்டரியின் குட்டித் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு அறை, ஒவ்வொன்றும் 2 வோல்ட். ஈயத் தகடும் கந்தக அமிலமும்தான் சரக்கு. டார்ச் எரியும்போது தகட்டின் மேல் ஈய சல்பேட் படியும். சார்ஜ் போட்டால் அது கரைந்து பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் சார்ஜ் இறங்கிய நிலையிலேயே மாசக்கணக்கில் விட்டுவிட்டால், அந்தப் படிவு கல்லு மாதிரி இறுகிவிடும். அப்புறம் எவ்வளவு சார்ஜ் போட்டாலும் ஏறாது.

இது நம்ம வேளாண் நாள்காட்டியோடு எப்படி மோதுகிறது பாருங்கள். தையில் சம்பா அறுவடை முடிந்ததும் டார்ச்சைப் பரணில் போடுகிறோம். மேட்டூரில் ஜூன் 12 தண்ணீர் திறந்து, அது இங்கே வந்து சேரும்போதுதான் மறுபடி தேடுகிறோம். இடையில் நாலைந்து மாசம். சும்மா கிடந்தாலே பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நாமோ கடைசியாக எரித்து மங்கின நிலையிலேயே போட்டிருப்போம். என் மூன்று டார்ச்சில் இரண்டு இப்படித்தான் செத்தன.

மூன்றாவது செத்தது இதற்கு நேர் எதிரான காரணத்தால். மலிவான டார்ச்சுகளில் சார்ஜ் நிரம்பியதும் தானாக நிறுத்தும் வசதி கிடையாது. முதல் நாள் சாயங்காலம் செருகி மறுநாள் மத்தியானம் எடுத்தால், உள்ளே இருக்கிற நீர் வாயுவாகப் போய்ப் பேட்டரி காய்ந்துவிடும். மூடிய பேட்டரி என்பதால் தண்ணீர் ஊற்றவும் வழியில்லை. டார்ச்சின் அட்டையில் எத்தனை மணி நேரம் என்று போட்டிருக்கும், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சரி, மாற்றுவதற்கு முன்னால் பேட்டரிதான் குற்றவாளியா என்று பார்க்கணும். எங்க ஊர் கடல் காற்றில் செம்பு எல்லாம் பச்சை பூத்துப்போகும். சுவிட்ச் முனையிலோ ஒயர் பற்றவைத்த இடத்திலோ பச்சைப் பூஞ்சை மாதிரி இருந்தால், உப்புத்தாள் வைத்துத் தேய்த்தாலே பாதி டார்ச் எரியும். அதுவும் இல்லையென்றால் மல்டிமீட்டர். சங்கத்துக்கு ஒன்று வாங்கி வைத்தால் போதும், ஊருக்கே உதவும். டி.சி. 20 வோல்ட்டில் திருப்பி, பேட்டரியின் இரண்டு முனையிலும் ஊசியை வையுங்கள். சார்ஜ் ஏறிய நல்ல பேட்டரி 4.2 வோல்ட் அளவில் காட்டும். இங்கேதான் ஏமாறுவோம். செத்த பேட்டரியும் சும்மா இருக்கும்போது 4 வோல்ட் காட்டும். ஊசியை எடுக்காமல் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். சடாரென்று 3-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி காலி. உட்கார்ந்திருக்கும்போது தெம்பாகப் பேசிவிட்டு, மூட்டையைத் தூக்கச் சொன்னால் முட்டி மடங்குகிற ஆள் மாதிரி. சுவிட்ச் போட்டும் 4 வோல்ட் நிற்கிறது, ஆனால் எரியவில்லை என்றால் கோளாறு சுவிட்சிலோ எல்இடியிலோ இருக்கிறது.

திறக்கும்போது ஒரு விஷயத்தில் விளையாடாதீர்கள். இந்த டார்ச்சுகள் பலவற்றில் டிரான்ஸ்பார்மர் கிடையாது. 230 வோல்ட் வீட்டு மின்சாரம் ஒரு மின்தேக்கி வழியாக நேரே உள்ளே வருகிறது. பிளக்கில் செருகி வைத்துக்கொண்டு திறந்தால் ஆளையே தூக்கிவிடும். பிளக்கிலிருந்து எடுத்த பிறகும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் திறக்கணும், அந்தச் சின்னப் பெட்டி மாதிரி இருக்கும் மின்தேக்கியின் கால்களைத் தொடக் கூடாது.

ஸ்குரூ தெரியவில்லையென்றால் ஸ்டிக்கருக்கு அடியிலோ, முன்பக்கக் கண்ணாடி வளையத்துக்கு உள்ளேயோ ஒளிந்திருக்கும். திறந்ததும் முதல் வேலை, எந்த ஒயர் எங்கே போகிறது என்று செல்போனில் ஒரு படம் எடுப்பது. பெரும்பாலும் சிவப்பு பிளஸ், கருப்பு மைனஸ். ஆனால் நிறத்தை நம்பாமல் பேட்டரியின் மேல் உள்ள குறியைப் பாருங்கள். ஒரு ஒயரை எடுத்ததும் அதன் முனையில் டேப் சுற்றிவிட்டுத்தான் அடுத்ததைத் தொடணும். இரண்டு முனையும் ஒன்றோடொன்று பட்டால் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது அமிலக் கசிவு. ஆப்பச் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, துணியில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெற்றிலை போடாதீர்கள், அது ஈயம்.

புதுப் பேட்டரி வாங்கும்போது பழசைக் கையோடு கொண்டுபோங்கள். வோல்ட், நீளம், அகலம், உயரம் எல்லாம் ஒத்துப்போகணும். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். ஒரு வருஷமாக அலமாரியில் தூங்கின பேட்டரியும் பளபளவென்றுதான் இருக்கும். 4.1-க்குக் கீழே காட்டினால் வேறு கேளுங்கள். எனக்கு ஒன்று 130 ரூபாய்க்குக் கிடைத்தது. புது டார்ச் 450. ஈயப்பற்று வைக்கும்போது சூட்டுக்கோலை முனையில் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் உருகி அமிலம் கசியும்.

இதுவரை சொன்னது ஈய பேட்டரிக்கு. டார்ச்சைத் திறந்ததும் உருண்டையாக, பெரிய விரல் தடிமனில் ஒன்று இருந்தால் அது லித்தியம் அயன். கதையே வேறு. அதில் 18650 என்ற வகைதான் அதிகம். 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 மில்லிமீட்டர் நீளம், அதுதான் அந்த எண்ணுக்கு அர்த்தம். 3.7 வோல்ட் என்று போட்டிருக்கும், முழுசாக ஏறினால் 4.2. எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால், ஈய பேட்டரி இருந்த டார்ச்சில் இதைப் போட்டால் வெளிச்சம் நன்றாக வரும் என்று சிலர் செய்து பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். நிறுத்தத் தெரியாத அந்த சார்ஜர் 4.2-ஐத் தாண்டியும் ஏற்றிக்கொண்டே இருக்கும். லித்தியம் அதைத் தாங்காது, தீப்பிடிக்கும். நாம் அதைச் சார்ஜ் போடுவதும் வைக்கோல் போருக்குப் பக்கத்துத் திண்ணையில்தான்.

லித்தியத்துக்கு லித்தியம்தான், அதிலும் அதே வகைதான். உருண்டையின் மேல் நேராக ஈயப்பற்று வைக்கக் கூடாது. தகட்டு நாக்கு பொருத்தியே விற்கிறார்கள், அதில் வையுங்கள். பக்கத்தில் ஒரு சின்னப் பச்சை அட்டை இருந்தால் அது பாதுகாப்புச் சுற்று, அதை எடுத்துவிடாதீர்கள். பொய்ச் சரக்கும் நிறைய ஓடுகிறது. இந்த அளவு உருண்டையில் 3,500 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் கொள்ளும். 9,900 என்று அச்சடித்திருந்தால் அச்சடித்தவன் பொய் சொல்கிறான். நல்ல சரக்கு 45 கிராம் அளவில் இருக்கும். தராசில் 30 கிராம் காட்டினால் திருப்பிக் கொடுங்கள். எடை போட்டு வாங்குவது நமக்குப் புதுசா என்ன?

செல்போனை நானே திறப்பதில்லை. பேட்டரி பசை போட்டு ஒட்டியிருக்கும். நெம்பும்போது உறை கிழிந்தால் அங்கேயே புகை கிளம்பும். பின்பக்க மூடி உப்பலாகத் தூக்கினால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட்டு, தெரிந்த ரிப்பேர்க்காரரிடம் கொடுத்துவிடுங்கள். உப்பின பேட்டரியை அமுக்கவோ குத்தவோ கூடாது.

பழைய பேட்டரியை என்ன செய்வது? வாய்க்கால் ஓரத்தில் உடைந்து கிடக்கிற பேட்டரிகளைப் பார்க்கிறேன். யூரியா வேண்டாம் என்று பதினைந்து வருஷமாகப் பேசுகிறோம். யூரியாவாவது ஒரு மழையில் கரைந்து போகும். ஈயம் மண்ணில் விழுந்தால் நம் பேரன் காலத்திலும் அங்கேயே இருக்கும், கீரை வழியாக வீட்டுக்குள் வரும். ஈய பேட்டரியை விற்கிற வியாபாரி பழசைத் திரும்ப வாங்கணும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் லித்தியம் உட்பட எல்லா வகைக்கும் பொருந்தும். பழசைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருடையது. குப்பையோடு கலக்காமல் தனியாகக் கொடுக்கவேண்டியது நம்முடைய கடமை. நாங்கள் சங்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி வைத்து, முனைகளில் டேப் ஒட்டிச் சேர்க்கிறோம். ஈயத்தையும் லித்தியத்தையும் தனித்தனியாக.

ஆதிரெங்கம் நெல் திருவிழாவில் 2 கிலோ விதை வாங்கி மறுவருஷம் 4 கிலோவாகத் திருப்பிக் கொடுத்தவர்கள் நம்மில் பலர். ஒருமுறை விதைத்தால் மறுமுறை கடைக்குத்தான் போகணும் என்கிற விதையை ஏன் வேண்டாம் என்றோமோ, அதே காரணம்தான் திறக்க முடியாத டார்ச்சுக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023-ல் ஒரு சட்டம் போட்டார்கள். கையில் எடுத்துச் செல்லும் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்றும்படி வடிவமைக்கணும், 2027 பிப்ரவரி 18 முதல். சில விலக்குகள் உண்டு. இங்கே ஒன்றிய அரசின் நுகர்வோர் துறை 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் செல்போனும் உண்டு, வேளாண் கருவிகளும் உண்டு. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் திறந்தார்கள். இணையதளத்தால் ஸ்குரூ கழலாது, சட்டம் வேண்டும். அடுத்த குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் தண்ணீரோடு இதையும் மனுவில் எழுதலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று டார்ச்சும் இப்போது எரிகின்றன. ஒன்று எனக்கு, ஒன்று பக்கத்து வயல் சித்தப்பாவுக்கு, ஒன்று மோட்டார் கொட்டகையில். ஒவ்வொரு பேட்டரி மேலும் மாற்றிய மாசத்தை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். அறுவடை முடிந்தால் முழுசாகச் சார்ஜ் ஏற்றித்தான் பரணுக்கு. அப்புறம் அமாவாசைக்கு அமாவாசை இறக்கி, அட்டையில் போட்ட நேரத்துக்குச் சார்ஜ். அம்மா விரதச் சமையலுக்கு அடுப்பு மூட்டும்போது, "டார்ச்சைச் செருகினியா?" என்று கேட்டுவிடுவார்.