நர்சிங் சேர்க்கை: எந்த மதிப்பெண் கணக்கில் வருகிறது?

தமிழ்நாட்டில் அரசு ஒதுக்கீட்டு இடங்களில் பி.எஸ்சி. நர்சிங் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் 2 மதிப்பெண்தான் வழி. அதனால் தேர்வு முடிவு வந்த நாளிலேயே கவலையும் தொடங்கிவிடுகிறது. 600க்கு 430 வாங்கிய மாணவி, 520 வாங்கிய தோழியைப் பார்த்துவிட்டு விண்ணப்பமே போடாமல் ஒதுங்கிவிடுவதும் உண்டு. ஆனால், தரவரிசைக்கு அந்த 600 பார்க்கப்படுவதே இல்லை.

மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு, துணை மருத்துவப் பட்டப்படிப்புகளுக்குப் பொதுவாக ஒரு தரவரிசைப் பட்டியல் தயாரித்து, அதன்படி இடம் ஒதுக்கும் கலந்தாய்வை நடத்துகிறது. நர்சிங், பி.பார்ம். எல்லாம் அதில் அடங்கும். உயிரியல் மதிப்பெண் 100க்கு முழுமையாகவும், இயற்பியலும் வேதியியலும் தலா 50க்குப் பாதியாகவும் சேர்ந்து 200க்குக் கணக்கிடப்படும். தாவரவியல், விலங்கியல் எனத் தனித்தனியாகப் படித்தவர்களுக்கு அவ்விரண்டும் சேர்ந்து உயிரியலின் இடத்தைப் பிடிக்கும்.

ஒரு மாணவி உயிரியலில் 84, வேதியியலில் 70, இயற்பியலில் 62 எடுத்திருப்பதாகக் கொள்வோம். 84, 35, 31 என மூன்றையும் கூட்டினால் 150. உயிரியலில் கூடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் கூடும் இரண்டுக்குச் சமம். தமிழிலும் ஆங்கிலத்திலும் எவ்வளவு வாங்கினாலும் இந்த 150 நகராது. தேர்ச்சி பெற்றிருந்தால் போதும். விடைத்தாள் நகல் வாங்கி மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ பணம் கட்டுவதாக இருந்தால், உயிரியலிலிருந்து தொடங்குவதே புத்திசாலித்தனம்.

விண்ணப்பிக்கத் தகுதி பெறுவது வேறு, இடம் கிடைப்பது வேறு. இந்திய நர்சிங் கவுன்சிலின் விதிப்படி இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றிலும் சேர்த்து 45 விழுக்காடு இருந்தால் தகுதி உண்டு. அதாவது 300க்கு 135. பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் இது 40 விழுக்காடு. சேரும் ஆண்டின் டிசம்பர் 31-இல் 17 வயது நிரம்பியிருக்கவும் வேண்டும். இங்கே சரிசெய்ய முடியாத தவறு பதினொன்றாம் வகுப்பிலேயே நடந்துவிடுகிறது. உயிரியல் இல்லாத கணினி அறிவியல் பிரிவில் 590 எடுத்தாலும் பி.எஸ்சி. நர்சிங்குக்கு விண்ணப்பிக்க முடியாது. இதைப் பிரிவு தேர்ந்தெடுக்கும் நாளில் பள்ளிகள் உரக்கச் சொல்ல வேண்டும்.

கட்-ஆஃப் என்பது யாரும் முன்கூட்டியே நிர்ணயிக்கும் எண் அல்ல. சென்ற ஆண்டு ஒரு கல்லூரியில், ஒரு பிரிவில், கடைசியாக இடம் பெற்றவரின் மதிப்பெண் அது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின் கீழ் பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கு 20, பட்டியல் வகுப்பினருக்கு 18, பழங்குடியினருக்கு 1 விழுக்காடு எனப் பிரிவதால், ஒரே கல்லூரிக்கு ஒவ்வொரு பிரிவிலும் கட்-ஆஃப் வேறுபடும். அரசுக் கல்லூரிகளில் இடங்கள் குறைவு என்பதால் அங்கே போட்டி மிகக் கடுமை. தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் அதே கலந்தாய்வில் கீழ்வரை இறங்கி வரும். முதல் சுற்றில் இடம் எடுத்தவர்கள் வேறு படிப்பு கிடைத்து விலகும்போது அடுத்த சுற்றுகளில் காலியிடம் தோன்றும். முதல் சுற்றோடு நம்பிக்கை இழப்பவர்கள் இந்த வாய்ப்பைத் தவற விடுகிறார்கள்.

பிளஸ் 2 மதிப்பெண் கைவிட்டவர்களுக்கு வேறு வாசல்களும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரிலும் ராணுவ நர்சிங் கல்லூரிகளிலும் நீட் மதிப்பெண் வேண்டும்; எய்ம்ஸ் தனியாக நுழைவுத் தேர்வு நடத்துகிறது. ஜி.என்.எம். எனும் மூன்றாண்டு டிப்ளமோ முடித்துப் பதிவு பெற்றவர், போஸ்ட் பேசிக் பி.எஸ்சி.யை இரண்டு ஆண்டுகளில் படித்துப் பட்டதாரி ஆகலாம். காலம் ஓராண்டு கூடும், அவ்வளவுதான்.

மதிப்பெண் பயம்தான் பல குடும்பங்களை ஏமாற்றுக்காரர்களிடம் கொண்டு சேர்க்கிறது. ஆறு மாதத்தில் நர்சிங், ஒரே ஆண்டில் நர்சிங் என்று சுவரொட்டி ஒட்டும் நிறுவனங்களின் சான்றிதழை வைத்துத் தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிவு செய்ய இயலாது. பதிவு இல்லாதவர் சட்டப்படி நர்ஸ் அல்லர். வார்டில் எத்தனை ஆண்டு வேலை செய்தாலும் உதவியாளர் சம்பளம்தான். பணம் கட்டும் முன்பே கல்லூரியின் பெயர் குழுமத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, பட்டப்படிப்பு என்றால் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

சேர்ந்த பிறகு பிளஸ் 2 மதிப்பெண்ணை யாரும் கேட்பதில்லை. 2021-இல் மாறிய பாடத்திட்டத்தில் எட்டு செமஸ்டர்கள். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், நர்சிங் அடிப்படை எல்லாம் வந்துவிடுகின்றன. பெரும்பாலான பாடங்களில் எழுத்துத் தேர்விலும் செய்முறையிலும் தனித்தனியாக 50 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி. தமிழ் வழியில் படித்து வந்தவர்கள் இங்கே திணறுவது பாடத்தால் அல்ல, ஆங்கிலப் பாடநூலால். கலந்தாய்வுக்கும் வகுப்பு தொடங்குவதற்கும் இடையில் கிடைக்கும் வாரங்களில் உடலுறுப்புகளின் ஆங்கிலப் பெயர்களைப் படித்துக்கொண்டால் அந்தச் சுமை வெகுவாகக் குறையும்.

வேலைக்கும் தனித் தேர்வுகளே உள்ளன. தமிழக அரசு மருத்துவமனைகளுக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியமும், எய்ம்ஸுக்கு நார்செட் எனும் பொதுத் தேர்வும் ஆளெடுக்கின்றன. வெளிநாடு செல்வோர் எழுதும் என்கிளெக்ஸ், ஓ.இ.டி. தேர்வுகளிலும் பள்ளி மதிப்பெண்ணுக்கு இடமில்லை. அங்குள்ள பதிவு அமைப்புகள் கல்லூரியிலிருந்து கேட்டு வாங்கிப் பார்ப்பது, ஒவ்வொரு பாடத்திலும் வகுப்பறையில் எத்தனை மணி நேரம், வார்டில் எத்தனை மணி நேரம் பயின்றார் என்ற பதிவேட்டு விவரத்தைத்தான்.