தொழிலும் திருத்தொண்டும்: வில்லியம் கேரியின் நாட்பொழுது

கிறித்தவ சமயப் பிரிவுகளுள் பாப்டிஸ்ட் திருச்சபையும் ஒன்று. 1609ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வாழ்ந்த ஆங்கிலேயர் சிலரிடையே இது தோன்றிற்று. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதை இச்சபையார் ஏற்பதில்லை. அறிவறிந்த பருவத்தில் தாமே விரும்பி நம்பிக்கையை அறிக்கையிடுவோரையே நீரில் முழுக்குவர். அவ்வாறு முழுக்குப் பெற்றோர் ஒருங்கு கூடும் கூட்டமே இவர்களுக்குச் சபையாகும். ஆகவே, திருத்தொண்டு போதகருக்கு மட்டும் உரியதன்று. கைத்தொழில் செய்து பிழைப்பவருக்கும் அதில் பங்குண்டு என்பது இவர்தம் கொள்கை.

2020ஆம் ஆண்டில் கோவிட் பெருந்தொற்றால் வழிபாட்டிடங்கள் மூடப்பட்டபோது, உலகெங்கும் சபைகள் இணையவழித் தொண்டை மேற்கொண்டன. தொற்றுத் தணிந்த பின்னும் அத்தொண்டு நிற்கவில்லை. பகலில் தொழில் பார்ப்போர் இரவில் திரைமுன் அமர்ந்து மறைமொழி பேசுகின்றனர். புதிய கருவி எதனைச் செய்யும், எதனைச் செய்யாது? தொழிலையும் தொண்டையும் ஒரே நாளில் அடக்குவது எங்ஙனம்? இவ்வினாக்களுக்கு விடைகாண, அச்சுப்பொறியைக் கருவியாகக் கொண்ட ஒரு பாப்டிஸ்ட் தொண்டரின் வாழ்வை ஆராய்வோம்.

வில்லியம் கேரி 1761இல் இங்கிலாந்தின் நார்தாம்ப்டன்சயரில் பிறந்தார். செருப்புத் தைக்கும் தொழில் பயின்றார். 1783இல் நீன் ஆற்றில் முழுக்குப் பெற்றார். பட்டறைச் சுவரில் உலகப் படமொன்றை மாட்டிக்கொண்டு, தைத்தபடியே நாடுகளைப் பற்றிச் சிந்தித்தார் என்பர். 1793இல் வங்காளம் வந்து, முதலில் அவுரிச்சாய ஆலையொன்றில் மேலாளராக உழைத்துக் குடும்பத்தைக் காத்தார். 1800இல் டென்மார்க்கின் ஆட்சியிலிருந்த சீராம்பூருக்குக் குடிபெயர்ந்தார்.

அங்கே மூவர் கூட்டாயினர். கேரி மொழிபெயர்ப்பாளர், வார்டு அச்சுத் தொழிலாளர், மார்ஷ்மன் பள்ளி ஆசிரியர். அவரவர் அறிந்த தொழிலை அவரவர் செய்தனர். வருவாய் முழுவதையும் பொதுப் பணமாக்கினர். 1801முதல் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராகக் கேரி பெற்ற ஊதியமும் அதிலேயே சேர்ந்தது. உள்ளூர் எழுத்துவெட்டுக் கலைஞரான பஞ்சானன் கர்மகார் இல்லையேல் அவர்தம் அச்சுக்கூடம் சிறந்திராது. தனியொருவர் விரைவினால் அன்று, பலர் பங்கிட்ட உழைப்பினாலேயே அது நடந்தது.

1806இல் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில் கேரி தம் ஒரு நாளை விவரித்துள்ளார். காலை ஆறு மணிக்குமுன் எழுந்து எபிரெய வேதம் படித்தார். வீட்டாரோடு வங்க மொழியில் செபித்தார். தேநீர் வரும்வரை பாரசீகம் பயின்றார். பின்னர் இராமாயண மொழிபெயர்ப்பு. பத்து மணிமுதல் பிற்பகல்வரை கல்லூரி. பிறகு அச்சுப்படி திருத்தம், சமஸ்கிருத மொழிபெயர்ப்பு, தெலுங்குப் பாடம். மாலை ஏழரைக்கு ஏறத்தாழ 40 பேருக்குப் பிரசங்கம். இரவு பதினொன்றளவும் மீண்டும் மொழிபெயர்ப்பு. அதன் பின்னரே அம்மடல். இதில் அவசரம் காணப்படவில்லை; ஒழுங்கே காணப்படுகிறது. தளராது ஊன்றி நடப்பதே தமக்குத் தெரிந்த ஒரே திறமை என்று அவர் பிற்காலத்தில் தம் உறவினரிடம் கூறினார்.

1812 மார்ச்சு மாதம் அச்சுக்கூடம் தீக்கிரையாயிற்று. கையெழுத்துப் படிகளும் பன்மொழி எழுத்து வார்ப்புகளும் அழிந்தன. எழுத்து அச்சு வெட்டுகள் சாம்பலுக்கடியில் கெடாமல் கிடந்தமையால், சில திங்களில் பணி மீண்டது. இழந்த ஏடுகளைக் கேரி மறுபடியும் எழுதத் தொடங்கினார்.

ஆனால் புகழ்வதோடு நாம் நின்றுவிடல் ஆகாது. அந்த நாளின் பட்டியலில் மனைவி டாரத்திக்கென ஒரு நாழிகையும் குறிக்கப்படவில்லை. பிள்ளைகளுள் ஒருவனைப் பறிகொடுத்த துயரோடு மனநோயுற்ற அவ்வம்மையார், பல ஆண்டு வீட்டிலேயே அடைபட்டிருந்து 1807இல் மறைந்தார். பிள்ளைகளைப் பேணும் பொறுப்பும் பெரும்பாலும் மார்ஷ்மனின் துணைவியார்மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 மொழிகளில் மறைநூற் பகுதிகள் வெளிவந்தனவாயினும், அவற்றுள் சில திருந்திய நடையில் அமையவில்லை என்ற குறையும் அறிஞரால் கூறப்பட்டது. செய்த பணியின் அளவு ஒன்று. அதற்குக் கொடுத்த விலை வேறொன்று.

கருவியின் எல்லையையும் சீராம்பூர் காட்டுகிறது. அச்சிட்ட தாள் கேரி காலடி வையாத ஊர்களுக்கெல்லாம் சென்றது. ஆயினும் 1800 டிசம்பரில் கிருஷ்ண பால் என்னும் தச்சர் முழுக்குப் பெற்றபோது, கேரியும் அவரும் ஊக்ளி ஆற்றில் நேரில் இறங்க வேண்டியிருந்தது. தாள் சொல்லைக் கொண்டுசெல்லும். கையைப் பிடித்து நீரில் இறக்காது. இணையமும் அத்தகையதே. நோயாளிக்கும், தொலைவில் இருப்பவருக்கும், இரவுப் பணியாளருக்கும் அது பேருதவி. எனினும் முழுக்கும், ஒரே அப்பத்தைப் பகிர்தலும், துயருற்றோர் அருகில் அமர்தலும் உடலோடு செய்ய வேண்டியவை.

இப்பாடம் பாப்டிஸ்டுகளுக்கு மட்டும் உரியதன்று. பகலில் வகுப்பு நடத்தி, இரவில் கைப்பேசி வழியே மாணவர் ஐயங்களுக்கு விடை தரும் ஆசிரியரும் இதே நிலையில் உள்ளவரே. ஒரு வேளைக்கு ஒரு வேலை என வகுத்தல், அறிந்தவரோடு பங்கிடுதல், அழிந்ததை மீண்டும் தொடங்குதல் ஆகிய மூன்றையும் கேரியிடம் கற்கலாம். அவர் எழுதாது விட்ட நான்காவதை, அதாவது வீட்டாருக்குரிய நேரத்தை, நம் நாட்பட்டியலில் நாமே முதல் வரியாக எழுதிக்கொள்ள வேண்டும்.