சறுக்குமரம் வாங்குறதுக்கு முன்னாடி, கீழ இருக்குற தரையைப் பாருங்க!

குழந்தைகள் விளையாட ஒரு இடம் வேணும்னு சொன்னதும் நம்ம மனசுல வர்ற படம் என்ன? மஞ்சள், சிவப்பு பிளாஸ்டிக் சறுக்குமரம். கீழே பேவர் பிளாக். காசெல்லாம் மேலே போகிறது. குழந்தை விழுவதோ கீழே!

ஏற்காடு பக்கம் செம்மநத்தம் மாதிரி சேர்வராயன் மலை ஊர்களுக்கு இந்த செட் எதற்கு? சரிவுக்குப் பஞ்சமில்லை, உட்கார ஒரு மட்டை கிடைத்தால் அதுவே சறுக்கு. காபித் தோட்டத்தில் கவாத்து செய்த குச்சிகள், வெட்டிப்போட்ட மரத்தண்டு, கூழாங்கல், காய்ந்த விதைகள்... இவை போதும்.

இது புது ஐடியா இல்லை. டென்மார்க்கின் நிலவடிவமைப்பாளர் சோரன்சன், குழந்தைகள் தான் கட்டிய பூங்காக்களை விட்டுவிட்டு மற்ற இடங்களில் விளையாடுவதைக் கவனித்தார். 1943-ல், போர்க்காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் பலகையும் மண்ணுமாக ஒரு திடல் உருவானது. நம்ம கிச்சு கிச்சு தாம்பாளம், அஞ்சாங்கல், பல்லாங்குழி எல்லாமே மணல், கல், விதையை நம்பித்தானே இருக்கு? தரைக்கு சிமென்ட் போட்டதும் கிச்சு கிச்சு தாம்பாளம் காலி.

உடம்புக்கும் இதில் பலன் இருக்கலாம். பின்லாந்தில் 3 முதல் 5 வயதுள்ள 75 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2020-ல் வெளியானது. சில காப்பகங்களின் வெற்று முற்றத்தில் காட்டுத்தரை மண்ணும் புல்லும் போட்டார்கள். 28 நாளில் அங்கே விளையாடிய குழந்தைகளின் தோலில் நுண்ணுயிர் வகைகள் கூடின. ரத்தத்தில் நோய் எதிர்ப்பைச் சீராக்கும் அறிகுறிகளும் மேம்பட்டன. சின்ன ஆய்வுதான், ஆனால் "மண்ணுல விளையாடாதே"ன்னு திட்டுறதுக்கு முன்னாடி யோசிக்க வைக்குது.

சரி, எப்படிச் செய்வது? முதல் செலவு தரைக்கு. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்குப்படி, 9 அங்குல மணல் சுமார் 4 அடி உயரத்திலிருந்து விழுவதைத் தாங்கும். அதே ஆழத்துக்கு மரச்சீவல் போட்டால் அதைவிட அதிக உயரம் வரை. இறுகிய மண்ணும் புல்தரையும் இந்தக் கணக்கில் சேராது. எம்-சாண்ட் வேண்டாம், கூரான துகளும் தூசியும் அதிகம். ஆற்றுமணல் விக்கிற விலைக்கு மரச்சீவலே மேல்.

மரத்தண்டை நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள். உருளாதபடி பாதி புதைத்துவிட்டால் பேலன்ஸ் பண்ணி நடக்கலாம். சில்வர் ஓக் கிளையில் ஊஞ்சல் கட்டாதீங்க, சட்டுன்னு முறியும். மூங்கில் முனையைத் தேய்த்து மழுங்க வைக்கணும். மலைப்பக்கம் எங்கும் மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடியின் பச்சைக்காய் விஷம், அரளியும் அப்படித்தான். இரண்டையும் வேரோடு எடுத்துடுங்க.

கல், கட்டையைக் குவித்து வைத்தால் தேள், பாம்பு குடிவரும். வாரம் ஒரு தடவை பெரியவங்க யாராவது குச்சியால் புரட்டிப் பார்க்கணும். பூனை அசிங்கம் பண்ணாமல் இருக்க, ராத்திரி மணலை ஒரு தார்ப்பாயால் மூடிடுங்க.