கிரெடிட் கார்டு `பிளாக்' ஆனாலும் கடன் போகாது: பாக்கியை அடைத்து முடிப்பது எப்படி?

சென்னை,

கிரெடிட் கார்டை வங்கி `பிளாக்' செய்து விட்டால் பாக்கியையும் மறந்து விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். "கார்டுதான் வேலை செய்யலையே, அப்புறம் எதுக்கு பணம் கட்டணும்?" என்று கேட்பவர்களும் உண்டு. ஆனால் முடங்குவது அட்டை மட்டும்தான். கடன் கணக்கு அப்படியே திறந்து கிடக்கும். அதில் வட்டி தினமும் ஏறிக்கொண்டே இருக்கும்.

கார்டு `பிளாக்' ஆவதற்கு முக்கிய காரணங்கள் இரண்டு. கார்டு தொலைந்து போய் வாடிக்கையாளரே போன் செய்து முடக்குவது ஒன்று. மாதக்கணக்கில் பணம் கட்டாததால் வங்கி முடக்குவது மற்றொன்று.

முதல் வகையில் பெரிய சிக்கல் இல்லை. புதிய நம்பருடன் மாற்று கார்டு வரும், பழைய பாக்கியும் அதற்கு மாறி விடும். எந்த நம்பரில் பணம் கட்டுவது என்பதை மட்டும் கஸ்டமர் கேரில் கேட்டுக்கொள்ள வேண்டும். தலைவலி எல்லாம் இரண்டாவது வகையில்தான்.

குட்டி போடும் வட்டி

பல கார்டுகளில் மாதம் 3.5 சதவீதம் அளவுக்கு வட்டி போடுகிறார்கள். கேட்க சின்னதாக இருக்கும். வருட கணக்கில் அது 42 சதவீதம்!

உதாரணமாக ரூ.50 ஆயிரம் பாக்கி என்றால் ஒரு மாத வட்டி ரூ.1,750. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.315. ஆக மாதம் ரூ.2,065. ஒரு வருடம் கண்டுகொள்ளாமல் விட்டால் ரூ.24 ஆயிரத்து 780 கூடி விடும். வட்டிக்கு வட்டியும், தாமத கட்டணமும் இந்த கணக்கில் சேரவில்லை.

கிரெடிட் கார்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்றது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ம் ஆண்டு தீர்ப்பு கூறியது. ஆனால் 2024-ம் ஆண்டு டிசம்பர் 20-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு அதை ரத்து செய்து விட்டது. எனவே `30 சதவீதத்துக்கு மேல் கட்ட மாட்டேன்' என்று இனி வாதாட முடியாது.

எவ்வளவு கட்டணும்?

இங்குதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கடைசியாக வந்த ஸ்டேட்மெண்டில் உள்ள தொகையை கட்டிவிட்டு `கடன் முடிஞ்சுது' என்று நிம்மதியாக இருந்து விடுவார்கள். ஆனால் ஸ்டேட்மெண்ட் போட்ட நாளில் இருந்து பணம் கட்டிய நாள் வரை ஓடிய வட்டி அதில் இருக்காது. இன்னும் பில்லில் வராத மாத தவணைகளும் இருக்காது. நூறோ, இருநூறோ மிச்சம் நிற்கும். அதற்கும் வட்டி ஓடும், தாமத கட்டணம் சேரும். சில மாதம் கழித்து `இன்னும் பாக்கி இருக்கு' என்று போன் வரும்.

அதனால் கஸ்டமர் கேருக்கு போன் செய்து, "கார்டை முழுசா குளோஸ் பண்ணணும். இந்த தேதிக்கு மொத்தம் எவ்வளவு கட்டணும்?" என்று தேதி குறிப்பிட்டு கேட்க வேண்டும். வாய்வார்த்தையோடு விடாமல் இ-மெயிலிலோ, கடிதத்திலோ வாங்கிக்கொள்ள வேண்டும். சொன்ன தேதிக்குள் கட்டிவிட வேண்டும். தேதி தாண்டினால் தொகையும் மாறிவிடும்.

எங்கே கட்டுவது?

கார்டு முடங்கினாலும் பணம் கட்டும் வழி முடங்குவது இல்லை. வங்கி கிளை, நெட் பேங்கிங், `நெப்ட்', பில் கட்டும் செல்போன் செயலிகள் என்று பல வழிகள் உண்டு. நாள்பட்ட பாக்கி என்றால் எந்த கணக்கு நம்பரில் கட்ட வேண்டும் என்று வங்கியிடமே கேட்பது நல்லது. சில நேரம் பழைய கடன்களை வங்கிகள் வேறு நிறுவனத்துக்கு விற்று விடுவார்கள். அப்படி யாராவது பணம் கேட்டால், கடன் கைமாறியதற்கான கடிதத்தை பார்க்காமல் ஒரு ரூபாய் கூட கொடுக்கக்கூடாது.

வசூலுக்கு வரும் ஏஜெண்டின் சொந்த யூ.பி.ஐ. நம்பருக்கு பணம் அனுப்பவே கூடாது. `கார்டை அன்பிளாக் பண்ணி தர்றோம், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று வரும் போன்களும் மோசடிதான். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற சைபர் கிரைம் எண்ணுக்கு போன் செய்ய வேண்டும்.

செட்டில்மெண்ட் நல்லதா?

`ஒரு லட்சம் பாக்கிக்கு நாற்பதாயிரம் கட்டுங்க, முடிச்சிடலாம்' என்று வங்கி தரப்பில் பேசுவது உண்டு. கையில் வழியே இல்லாதவர்களுக்கு இது உதவும். ஆனால் கடன் வரலாற்றில் `குளோஸ்டு' என்பதற்கு பதிலாக `செட்டில்டு' என்று பதிவாகும். `முழுசா கட்டலை' என்று அதற்கு அர்த்தம். பின்னாளில் வீட்டுக்கடன், வாகன கடன் கேட்டு போகும்போது அது முட்டுக்கட்டையாக நிற்கும். முடிந்தவர்கள் முழுத்தொகையையும் கட்டுவதே மேல். செட்டில்மெண்ட்தான் வழி என்றால், வங்கியின் கடிதம் கைக்கு வந்த பிறகே பணம் கட்ட வேண்டும்.

போலீஸ் வருமா?

`நாளைக்கு போலீஸ் வீட்டுக்கு வரும்' என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். கிரெடிட் கார்டு பாக்கி வைப்பது மட்டுமே கிரிமினல் குற்றம் ஆகாது. அது சிவில் விவகாரம். வங்கி கோர்ட்டுக்கு போய் வசூலிக்கலாம். ஆனால் பாக்கிக்காக கொடுத்த செக் பணம் இல்லாமல் திரும்பினால் கதை வேறு. அது தனி வழக்காகி விடும்.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்பும், இரவு 7 மணிக்கு பிறகும் போன் செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ம் ஆண்டு உத்தரவிட்டது. அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்தவும் கூடாது. அதே நேரம் கோர்ட்டு நோட்டீசோ, லோக் அதாலத் கடிதமோ வந்தால் குப்பையில் போடாமல் பதில் தர வேண்டும்.

கட்டியாச்சு, அப்புறம்?

பணம் கட்டியதோடு வேலை முடியவில்லை. கார்டை மூடச்சொல்லி எழுத்து மூலம் கேட்க வேண்டும். பாக்கி எதுவும் இல்லாத நிலையில் 7 வேலை நாட்களுக்குள் வங்கி கார்டை மூட வேண்டும். தாமதித்தால் ஒவ்வொரு நாளுக்கும் ரூ.500 வாடிக்கையாளருக்கு தர வேண்டும். இதுவும் ரிசர்வ் வங்கி 2022-ல் கொண்டு வந்த விதிதான்.

`பாக்கி இல்லை' என்ற `நோ டியூ' சான்றிதழை கேட்டு வாங்கி, பணம் கட்டிய ரசீதுடன் பத்திரப்படுத்த வேண்டும். வருடங்கள் கழித்து யாராவது பழைய பாக்கி என்று கேட்டால் அந்த காகிதம்தான் காப்பாற்றும்.

பணம் கட்டி 30 நாட்களுக்குள் கடன் வரலாற்றிலும் வங்கி திருத்தம் செய்ய வேண்டும். `சிபில்' போன்ற நிறுவனங்களிடம் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாக வாங்கலாம். அதில் தவறு இருந்து, புகார் கொடுத்தும் 30 நாளில் சரி செய்யாவிட்டால் நாள் ஒன்றுக்கு ரூ.100 இழப்பீடு உண்டு.

வங்கியிடம் எழுத்து மூலம் புகார் செய்து 30 நாட்களாகியும் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். அதற்கு கட்டணம் கிடையாது. விவரங்களுக்கு 14448 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம்.