விண்வெளியில் கிப்லா எங்கே?



ஒரே நாளில் பதினாறு முறை சூரியன் உதித்துப் பதினாறு முறை மறையும் ஓர் இடத்தை எண்ணிப் பாருங்கள். அங்கே கால் ஊன்றத் தரையில்லை. மேல் எது, கீழ் எது என்ற பேதமும் இல்லை. தண்ணீரை ஊற்றினால் அது வழிந்தோடாது, உருண்டையாகத் திரண்டு மிதக்கும். அங்கிருக்கும் ஒரு முஸ்லிம் எந்நேரத்தில் சுப்ஹு தொழுவார்? எத்திசை நோக்கித் தக்பீர் கட்டுவார்?

இது வெறும் கற்பனையன்று. பூமிக்கு மேல் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 28,000 கிலோமீட்டர் வேகத்தில் சுழன்று வரும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் அன்றாட நிலை இதுவே. சுமார் 90 நிமிடங்களில் அது பூமியை ஒரு முறை சுற்றி விடுகிறது. ஒருவர் ஐந்து நிமிடத்தில் தொழுது முடித்தாலும், அதற்குள் 2,000 கிலோமீட்டருக்கு மேல் கடந்திருப்பார். தக்பீரின்போது முன்னால் இருந்த கஃபா, ஸலாம் கொடுக்கும்போது பின்னால் போயிருக்கவும் கூடும்! ஒவ்வோர் உதயத்தையும் ஒரு நாளாகக் கொண்டாலோ, 24 மணி நேரத்தில் எண்பது வேளை தொழ வேண்டி வரும்.

விண்வெளிக்குச் சென்ற முதல் முஸ்லிம், சவூதி அரேபியாவின் இளவரசர் சுல்தான் பின் சல்மான் ஆவார். 1985ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் நாள், ரமலானின் இறுதி நாட்களில், அவர் புறப்பட்டார். பின்னர் 2007 அக்டோபர் 10ஆம் நாள், அதுவும் ரமலான் மாதத்திலேயே, மலேசியாவின் மருத்துவர் ஷேக் முஸஃபர் ஷுகூர் பைக்கனூர் தளத்திலிருந்து புறப்பட்டார். அப்பயணத்தை முன்னிட்டு மலேசிய நாட்டு மார்க்க அறிஞர்களும் விஞ்ஞானிகளும் கூடி ஆராய்ந்தனர். அதன் பயனாக, விண்வெளியில் வணக்கங்களை நிறைவேற்றும் முறை பற்றிய வழிகாட்டி ஒன்று வெளியிடப்பட்டது.

அது கூறுவதென்ன? இயன்றால் கஃபாவை நோக்குக. இயலாவிடில் கஃபாவுக்கு நேர் மேலேயுள்ள வெளியை நோக்குக. அதுவும் இயலாவிடில் பூமியை நோக்குக. எதுவும் இயலாவிடில் முகம் இருக்கும் திசையே போதும். தொழுகை ஐவேளைதான். அதன் நேரத்தைப் புறப்பட்ட ஊரின் நேரப்படி கணக்கிடுக. நிற்க முடியாதவர் அமர்ந்தும், அதுவும் முடியாதவர் படுத்தும், அதற்கும் வழியில்லாதவர் கண்ணிமைகளின் சைகையாலும் தொழுக. நோன்பை அங்கேயே நோற்கலாம். அல்லது பூமிக்குத் திரும்பிய பின் களாச் செய்யலாம்.

வாசகர்களே, இவை விண்வெளிக்காகப் புதிதாக உண்டாக்கப்பட்ட சலுகைகளா? அல்ல! மூல நோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுசைன் (ரலி) அவர்கள் தமது தொழுகையைப் பற்றிக் கேட்டபோது, நின்று தொழுமாறும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழுமாறும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள். தஜ்ஜாலின் காலத்தில் ஒரு நாள் ஓராண்டைப் போல் நீளும் என்று அவர்கள் அறிவித்தபோது, அந்நாளில் ஒரு நாளின் தொழுகை போதுமா என ஸஹாபாக்கள் வினவினார்கள். போதாது, நேரத்தைக் கணக்கிட்டுக் கொள்ளுங்கள் என்று விடை கிடைத்தது. கோடையில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் சூரியனே மறையாத நார்வே நாட்டின் ட்ரோம்ஸோ நகர முஸ்லிம்களுக்கும், விண்வெளியில் மிதக்கும் முஸ்லிமுக்கும் அந்த ஒரு விடையே வழி காட்டுகிறது. மதீனாவில் ஒரு நோயாளி கேட்ட கேள்வி, பதினான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வான்வெளியில் பயன் தருவது எத்துணை வியப்பு!

இப்போது பார்வையை வானத்திலிருந்து நம் வீட்டிற்குத் திருப்புவோம். மூட்டு வலியால் குனிய முடியாத பெற்றோர், மருத்துவமனைக் கட்டிலில் ஊசியும் குழாயுமாகக் கிடக்கும் உறவினர், பக்கவாதத்தால் படுத்துவிட்ட முதியவர் ஆகியோர் எத்தனை வீடுகளில் உள்ளனர்! அவர்களிற் பலர், "உளூச் செய்ய முடியவில்லை, கிப்லாவை நோக்கித் திரும்ப முடியவில்லை, குணமான பின் பார்ப்போம்" என்று தொழுகையை விட்டுவிடுகின்றனர். நாமும் இரக்கத்தால் வாளாவிருந்து விடுகிறோம். அவ்விரக்கம் முறையானதன்று. நோயாளியின் கட்டிலருகே தயம்முமுக்கு மண்ணை வைப்பதும், வக்து வந்ததை மெல்ல நினைவூட்டுவதும், படுத்தபடி தொழும் முறையை ஆலிம்களிடம் கேட்டறிந்து சொல்லிக் கொடுப்பதுமே உண்மையான பணிவிடையாகும்.

இயலாமை தொழுகையின் தோற்றத்தை மாற்றும். அறிவு தெளிவாக இருக்கும்வரை தொழுகையை நீக்கிவிடாது. தரையும் தண்ணீரும் திசையும் இல்லாத இடத்தில் ஒருவருக்குத் தொழ வழியுண்டென்றால், பாங்கொலி கேட்கும் தூரத்தில் வாழும் நமக்கு என்ன தடை?

எந்நிலையிலும் தொழுகையைப் பேணும் பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.