வாக்குறுதியும் வைத்தியச் செலவும்

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் சென்று, வழியில் பிரிந்து, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போனால் கிளென்மார்கன் வருகிறது. சுமார் 20 கிலோமீட்டர் தூரம். மேலே தேயிலை, ஏரி, பனிமூட்டம். மலைக்குக் கீழே சிங்காரா மின்சார நிலையம். உல்லாசப் பயணம் வருகிறவர்களுக்கு அது சொர்க்கம்தான். ஆனால் நடுநிசியில் மாமியாருக்கு மார்வலி என்று வைத்துக்கொள்ளுங்கள்! அந்த 20 கிலோமீட்டர் எத்தனை நீளம் என்பது அங்கே குடியிருக்கும் பெண்களுக்குத்தான் தெரியும். ஊட்டியில் ஆகாது என்று சொல்லிவிட்டாலோ, கோயமுத்தூருக்கு இன்னும் 85 கிலோமீட்டர் மலை இறங்க வேண்டும்.

"அதற்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? அதெல்லாம் வீட்டு ஆண்கள் பேசுகிற விஷயமாயிற்றே!" என்கிறீர்களா? ஆஸ்பத்திரிச் செலவு என்று வந்தால் முதலில் கழற்றப்படுவது யாருடைய வளையல், சொல்லுங்கள்?

அமெரிக்காவில் 1960 செப்டம்பர் 26-ந் தேதி, ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட கென்னடியும் நிக்ஸனும் முதன்முதலாக டெலிவிஷனில் எதிரெதிரே நின்று வாதாடினார்கள். அந்தத் தேர்தலில் அடிபட்ட விஷயங்களில் ஒன்று முதியோரின் வைத்தியச் செலவு. சம்பளத்தில் பிடிக்கும் சமூகப் பாதுகாப்பு நிதியிலிருந்தே அதைக் கொடுக்கலாம் என்றார் கென்னடி. யாரையும் கட்டாயப்படுத்தாமல், விரும்பியவர்கள் சேரும்படி இருக்கட்டும் என்றார் நிக்ஸன். கென்னடி ஜெயித்தார். ஆனால் முதியோருக்கான அந்தச் சட்டம் கையெழுத்தானது 1965 ஜூலை 30-ந் தேதி. அதைப் பார்க்க அவர் உயிருடன் இல்லை. வாக்குறுதிக்கும் மருந்துப் புட்டிக்கும் நடுவே எத்தனை வருஷம் பாருங்கள்!

நம் நாட்டில் 2024 மே மாதத்தில், ஓய்வு பெற்ற நீதிபதிகள் இருவரும் பத்திரிகையாளர் என். ராமும் சேர்ந்து, நரேந்திர மோடியும் ராகுல் காந்தியும் பொது மேடையில் விவாதிக்க வேண்டும் என்று கடிதம் எழுதினார்கள். விவாதம் நடக்கவில்லை. நீலகிரியோ ஏப்ரல் 19-ந் தேதியே வாக்களித்து முடித்திருந்தது. போகட்டும், இரண்டு தேர்தல் அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மளிகைக் கணக்குப் பார்ப்பது போல் நாமே பார்த்துவிடலாமே!

காங்கிரஸ் அறிக்கை, ராஜஸ்தானில் நடந்த திட்டத்தைப் போல் 25 லட்சம் ரூபாய் வரை ரொக்கமில்லாச் சிகிச்சைக்கு இன்ஷ்யூரன்ஸ் என்றது. அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பரிசோதனையும் மருந்தும் எல்லோருக்கும் இலவசம் என்றது. பாரதீய ஜனதா அறிக்கை, 2018-ல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் 5 லட்சத்தைத் தொடர்வதோடு, 70 வயதைத் தாண்டிய எல்லோரையும், வருமானம் எதுவானாலும், அதில் சேர்ப்பதாகச் சொன்னது. முதலாவதில் தொகை பெரிது, வாசல் அகலம். ஆகவே அதற்கு வேண்டிய பணமும் பெரிது. இரண்டாவதில் தொகை சிறிது. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் முதியோருக்கும் இடம் கொடுத்தால் போதும். ஆட்சியமைத்த பிறகு, 2024 அக்டோபர் 29-ந் தேதி பிரதமர் அந்த முதியோர் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

நம் தமிழ்நாடு இதில் பழைய கை. 2009-ல் கருணாநிதி ஆட்சியில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் வந்தது. 2012-ல் ஜெயலலிதா ஆட்சியில் அது போய், முதலமைச்சரின் விரிவான காப்பீட்டுத் திட்டம் வந்தது. ஆட்சி மாறிற்று, பெயர் மாறிற்று, ஏற்பாடு நிலைத்தது. ஜனங்கள் ஒரு முறை ருசி கண்டதை எந்தக் கட்சியும் எளிதில் பறிக்க முடியாது என்பதற்கு இது அத்தாட்சி.

ஆனால் சகோதரிகளே, 5 லட்சமானாலும் 25 லட்சமானாலும் இன்ஷ்யூரன்ஸ் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கை கொடுக்கிறது. மாமனாரின் சர்க்கரை மாத்திரைக்கும், பஸ் சார்ஜுக்கும், தேயிலை பறிக்கப் போகாமல் இழந்த ஒரு நாள் கூலிக்கும் அதில் இடமில்லை. அதனால்தான் 2008-ல் வந்த 108 வண்டியும், இரத்த அழுத்த மாத்திரையையும் சர்க்கரை மாத்திரையையும் வீட்டுக்கே கொண்டுவரும்படி 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவ'மும், 2025 ஏப்ரலில் ஊட்டியில் திறந்த 700 படுக்கை அரசாங்க ஆஸ்பத்திரியும் மலைவாசிகளுக்குக் காப்பீட்டு அட்டைக்குச் சமமானவை. அட்டை பீரோவில் இருந்து பயனென்ன, டாக்டர் எட்டாத தூரத்தில் இருந்தால்?

ஆகையால் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு உங்கள் வாசலுக்கு வருகிறவர்களிடம், "எத்தனை லட்சம்?" என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். "யாருக்கு? எந்த ஆஸ்பத்திரியில்? படுக்கையில் சேராத வியாதிக்கு என்ன வழி? பணம் எங்கிருந்து வரும்? எந்த வருஷம்?" என்று இந்த ஐந்தையும் சேர்த்துக் கேளுங்கள். கத்தரிக்காயைக்கூட அழுத்திப் பார்த்து வாங்குகிறவர்கள் அல்லவா நாம்!

அதற்கு முன் இன்றைக்கே ஒரு காரியம் செய்யுங்கள். வீட்டிலுள்ள காப்பீட்டு அட்டையைத் தேடி எடுத்து, எல்லோருடைய பெயரும் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீசில் விசாரியுங்கள். நடுநிசியில் மார்வலி வரும்போது பீரோவைக் குடைந்துகொண்டிருக்க வேண்டாம்.