கணையத்தில் கால்சியத்தின் பணி

உணவு உட்கொண்டதும் கணையம் ஜீரண நீரைச் சுரக்கிறது. அவ்வாறு சுரக்கும்படி கணைய உயிரணுவுக்குள் ஆணையிடுவது கால்சியமே ஆகும். ஓய்வு நிலையில் உயிரணுவினுள் தனித்துலவும் கால்சியம், வெளியிலுள்ளதில் ஏறத்தாழ 10,000-இல் ஒரு பங்கே. நரம்போ ஹார்மோனோ தூண்டியவுடன், உள்ளறைகளில் சேமிக்கப்பட்ட கால்சியம் வெளிப்படுகிறது. சில விநாடிகளில் மீண்டும் அகற்றப்படுகிறது. அதனை விடுவிக்கும் தூதுப்பொருள் இனோசிட்டால் டிரைபாஸ்பேட் என்பது 1983-இல் எலியின் கணைய உயிரணுக்களைக் கொண்டு மெய்ப்பிக்கப்பட்டது.

மதுவினாலோ பித்தக்கல்லினாலோ கால்சியம் தணியாது நீடிப்பின், செயலற்ற நிலையில் குடலை அடைய வேண்டிய டிரிப்ஸின் உயிரணுவினுள்ளேயே செயற்படத் தொடங்கும். உணவைச் செரிக்க வேண்டிய பொருள் கணையத்தையே அரிக்கும். இதுவே கடுங் கணைய அழற்சி. மேல் வயிற்றில் தோன்றி முதுகுவரை பரவும் கடும் வலியை அஜீரணமென்று கருதிக் காலந்தாழ்த்தாது, நோயாளியை மருத்துவமனைக்கு அனுப்புதல் இன்றியமையாதது.